இரவல் கதவு

"ஜார்ஜிக்குக் குடுத்த வேலைய எனக்குக் குடுங்க."

பெரில் கிழவி நகர்த்திக்கொண்டிருந்த ஸ்கோன் ரொட்டித் தட்டு மேசை நடுவிலேயே நின்றுபோனது. குல்கரா பழைய ரயில் நிலையப் பாதுகாப்புக் குழுவில் அன்று வந்திருந்தவர்கள் அத்தனை பேரும், பதில் அதில்தான் ஒட்டியிருக்கிறது என்பதுபோல, ஜாம் சீசாவைப் பார்த்தார்கள். கேட்டுவிட்டு நின்ற டெனீலுக்குக் காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

இதைத்தான் செய்யாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவள் அம்மா லொரெய்ன் ஊரார் வீட்டுப் படுக்கைவிரிப்புகளை இஸ்திரி போட்டே மகளைப் பட்டதாரி ஆக்கியவள். இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவிலிருந்து அந்த வாசகம் வந்துகொண்டே இருக்கும். "அவங்ககிட்ட எதையும் கேக்காதே. கேட்டா இல்லைன்னுடுவாங்க. கேக்காம இருந்தா, கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோன்னு நெனச்சுக்கிட்டாச்சும் சாகலாம்."

குழுவிலும் எழுதாத சட்டம் அதுவேதான். குல்கராவில் யாரும் தனக்கென்று வாய் திறக்கமாட்டார்கள். இன்னொருவர் பெயரை யாராவது சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர், "ஐயோ, நானா? வேற ஆளே கெடைக்கலையா?" என்று கொஞ்சம் நெளிய வேண்டும். எல்லோரும் சிரித்து வற்புறுத்த, அப்புறம் தலையாட்ட வேண்டும். நிலையத்தைப் புதுப்பிக்கும் இயக்குநர் வேலைக்கு ஜார்ஜி அழகாக நெளிந்தாள். அவள் பெயரைச் சொன்னவர் குழுத் தலைவர் லாய்ட். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜார்ஜியின் அப்பாவோடு ஞாயிறு தவறாமல் கோல்ஃப் ஆடுகிறவர். டெனீல் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவள் அப்பா தண்டவாளத்தில் சுத்தியல் அடித்த கூலி. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ஏம்மா, அது முடிஞ்சுபோன விஷயமாச்சே," என்றார் லாய்ட்.

"எப்ப முடிஞ்சுது? விளம்பரம் குடுத்தீங்களா? நேர்காணல் வெச்சீங்களா? வரலாறு படிச்சவ நான். பழைய கட்டடத்த எப்படிக் காப்பாத்தறதுன்னு அதுக்கு மேல தனியாப் படிச்சவளும் நான்தான். ஜார்ஜி படிச்சது ஆட்டு ரோமத்த எப்படி விக்கறதுன்னு."

"ஜார்ஜிக்கு நாலு பேரோட பழகத் தெரியும்."

"எனக்குத் தெரியாதா?"

பெரில் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். அதுவே பதில்தான்.

"ஸ்கோன் எடுத்துக்கம்மா, ஆறிடும்," என்றாள் பெரில்.

மேசையின் மறு கோடியில் ஜார்ஜி கழுத்துவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "டென், எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்தே பண்ணலாமே. எனக்கு உன் மூளை வேணும்டி."

"மாட்ட நான் மேய்க்கணும், பால நீ கறந்துக்குவியா?"

யாரோ சிரித்தார்கள். ஜார்ஜியும் சிரித்தாள். அவள் சிரித்ததும் மேசை முழுக்க இளகிவிட்டது, கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அப்படிச் சிரிக்க டெனீலுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை.

*

ஜார்ஜி ஃபேர்வெதர் கெட்டவள் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு ஜார்ஜி சிட்னியில் விடுதிப் பள்ளிக்குப் போனாள், டெனீல் புழுதி பறக்கும் பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போனாள். விடுமுறைக்கு வந்தால் ஜார்ஜி முதலில் வருவது டெனீல் வீட்டுக்குத்தான். கை நிறைய ஏதாவது கொண்டு வருவாள். பழைய சட்டை, படித்து முடித்த புத்தகம், பாதி தீர்ந்த வாசனைத் திரவியம். எதையும் பிச்சை மாதிரிக் கொடுக்கமாட்டாள். "இது உனக்குத்தான்டி எடுப்பா இருக்கும்" என்பாள். உண்மையில் எடுப்பாகவும் இருக்கும். கண்ணாடியில் அந்தச் சட்டையோடு தன்னைப் பார்க்கும்போதெல்லாம் டெனீலுக்கு உள்ளே ஏதோ புளித்துக்கொண்டு வரும்.

இப்போது ஜார்ஜியின் இடுப்பில் நிலையத்தின் சாவிக்கொத்து. நடந்தால் குலுங்கும். நடைமேடையின் இந்தக் கோடியில் டெனீல் குனிந்து ஓடு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோடியில் சாவி குலுங்கும், இவள் முதுகு விறைக்கும். நிலைய அதிகாரியின் அறை ஜார்ஜியின் அலுவலகம் ஆகிவிட்டது. கணப்படுப்பு, பெரிய ஜன்னல், சைடிங் என்கிற பக்கத் தண்டவாளத்தில் வந்து நிற்கும் கோதுமை வண்டிகள் தெரியும் இடத்தில் மேசை. பயணிகள் ரயில் நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது, இப்போது தானிய வண்டி மட்டும்தான். அந்த மேசையில் உட்கார்ந்து அந்த வண்டிகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் டெனீல் படித்ததே. யாரிடமும் சொன்னதில்லை. கேட்கக் கூடாதே.

அதைவிடப் பெரிய அடி வீட்டிலேயே விழுந்தது.

ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறையில் ஜார்ஜி. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி, பக்கத்தில் பாதி வெட்டிய பாஷன் பழக் கேக். லொரெய்ன் இஸ்திரி போடாமல், ஆமாம், பெட்டியை அணைத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நிலையத்துச் சிற்றுண்டி அறையில் வேலை பார்த்தவள். ரயில் நிற்கிற சொற்ப நேரத்துக்குள் ஒரு வண்டி ஜனத்துக்கும் டீயும் இறைச்சி அடைத்த 'பை' பணியாரமும் கொடுத்தாக வேண்டும். கொதிக்கிற டீயை எட்டுக் கோப்பையாக ஒரே கையில் அடுக்கி ஓடுவது, வெந்நீர்த் தொட்டியில் கை வெந்தது, எஞ்சின் டிரைவர் ஒருவன் கரி முகத்தோடு "கட்டிக்கிறியா?" என்று கேட்டது, வண்டி கிளம்பிவிட்டதால் பதில் சொல்லாமலே போனது... எல்லாவற்றையும் ஜார்ஜிக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். டெனீலுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கரி முகத்துக்காரன் கதை சுத்தமாகத் தெரியாது.

ஜார்ஜி போனதும் டெனீல் கேட்டாள். "என்கிட்ட ஏம்மா ஒரு நாளும் சொல்லல?"

லொரெய்ன் பெட்டியை மறுபடி சூடேற்றினாள். "நீ கேக்கலையே."

டெனீல் வெளியே போய்க் துணிக்கொடிக் கம்பத்தை ஓங்கி உதைத்தாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

*

அதன் பிறகு வந்தது சாயம் சுரண்டும் வேலை.

பழைய கட்டடத்துக்குப் பழைய நிறத்தையே அடிக்க வேண்டும் என்றால், முதலில் அது என்ன நிறம் என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னக் கத்தியால் ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, தீப்பெட்டி அகலத்துக்குப் படிக்கட்டுபோல இறக்கிக்கொண்டே போவார்கள். மேல் படி நேற்றைய சாயம், அடிப்படி கட்டடம் பிறந்தபோது அடித்த சாயம். அடியில் இருப்பதுதான் முதல் என்பது இந்த வேலைக்காரர்களின் வேதம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஜார்ஜி, பெண்கள் காத்திருப்பு அறையின் கதவில் சுரண்டினாள். சாம்பல், பிறகு வெண்மஞ்சள், பிறகு பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், சீசாக் கண்ணாடி போல ஆழ்ந்த ஒரு பச்சை.

"பச்சை!" என்று நடைமேடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். சனிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அந்தப் பக்கத்து நிலையங்கள் எல்லாம் வெண்மஞ்சளும் பழுப்புமாக ஒரே அச்சு. குல்கரா மட்டும் பச்சையா! லாய்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெரில் லாமிங்டன் கேக் டப்பாவைத் திறந்தாள். உள்ளூர்ப் பத்திரிகையில் கதவோடு ஜார்ஜியின் படம் வந்தது. தொப்பி சற்றே சாய்ந்து, கையில் கத்தி. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது டெனீலின் முழங்கை.

அந்த வாரக் கடைசியில் டெனீல் பாரில் தனியாக உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்க்கும் ஒரு புகைப்படம் உண்டு. அந்தக் காலத்து வெள்ளம். நடைமேடையை ஒட்டி ஒரு படகு, படகில் நான்கு ஆண்கள், நடுவில் பத்திரமாக ஒரு பீர்ப் பீப்பாய். "பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுப் பீப்பாயக் காப்பாத்தினானுங்க" என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. படகையும் பீப்பாயையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். படகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது?

பின்னால் பெண்கள் காத்திருப்பு அறை. அதன் வாசலில் இரட்டைக் கதவு.

டெனீல் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். சந்தேகமே இல்லை. இரண்டு இறக்கை. இன்று அங்கே இருப்பது ஒற்றைக் கதவு.

மறுநாள் காலையிலேயே நிலையத்துக்குப் போனாள். கதவு நிலையின் ஒரு பக்கம் பலகை வைத்து இட்டு நிரப்பி வாசலைக் குறுக்கியிருந்தார்கள். கதவின் அடிப்பாகம் அறுத்துக் குட்டையாக்கியது. பூட்டு இருக்கும் ஓரத்திலேயே பழைய கீல் இருந்த பள்ளங்கள் மரத்துண்டால் அடைக்கப்பட்டிருந்தன. வேறெங்கோ வேறு கைப்பக்கமாகத் திறந்த கதவு இது. ரயில்வேக்காரர்கள் எதையும் வீணாக்கமாட்டார்கள். ஒரு நிலையத்தை மூடினால் அதன் கதவும் கடிகாரமும் பெஞ்சும் இன்னொரு நிலையத்துக்குப் போய்விடும். வெள்ளத்தில் ஊறிப்போன இரட்டைக் கதவுக்குப் பதிலாக இது வந்திருக்கிறது. நிலையின் மறுபக்கம், கட்டடத்தோடு பிறந்த பக்கம், கதவின் மறைவில் அவள் தன் கத்தியால் சுரண்டினாள். சாம்பல், வெண்மஞ்சள், அடியில் செங்காவி. பச்சையின் ஒரு பொட்டுகூட இல்லை.

அந்த வெள்ளத்தை ஒட்டி மூடப்பட்ட கிளைப் பாதையில் கடைசி நிலையம் வாண்டிலோ. காரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். நிலையக் கட்டடம் எப்போதோ போய்விட்டது. நடைமேடை மேட்டில் செம்மறிகள் படுத்திருந்தன. விளக்கு வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. அதன் மரச் சட்டத்தில் கத்தியை வைத்தாள். பழுப்பு, அடியில் பச்சை. அதே பச்சை.

செம்மறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டெனீல் சிரித்தாள். வாய்விட்டு, தனியாக, வயிறு நோகச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஜார்ஜியிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது.

*

சொல்லவில்லை.

சொல்லப் போகிறேன் என்றுதான் முதலில் நினைத்தாள். திங்கட்கிழமை சொல்லலாம். திங்கட்கிழமை ஜார்ஜி சாயக் கடைக்காரரோடு பச்சையின் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "டென், இதுவா அதுவா, நீ சொன்னா சரியா இருக்கும்டி" என்று கேட்டாள். டெனீல் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இதுதான்" என்றாள். வாண்டிலோ கொட்டகையில் பார்த்த அதே பச்சை. அத்தனை கச்சிதமாக எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் சொல்வது கஷ்டமாகிவிட்டது. அதைவிட, சொல்லாமல் இருப்பது இனிப்பாகிவிட்டது. வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு திரிவது மாதிரி. ஜார்ஜி எல்லோருக்கும் பச்சையின் கதையைச் சொல்லும்போதெல்லாம் டெனீல் அதை நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டிக்கொள்வாள். "ஃபேர்வெதர் தாத்தாதான் இந்த நெலத்தக் குடுத்தாராம், ஒருவேளை அவருதான் பச்ச கேட்டிருப்பாரோ என்னவோ," என்று லாய்ட் ஒரு நாள் புளகாங்கிதப்பட்டார். டெனீல் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான். நிலத்தை ஃபேர்வெதர் கொடுத்தாராம்! அவர் கொடுப்பதற்கு முன்னால் அது எந்தப் பூர்வகுடிகளுடையது என்று கேட்க அந்த மேசையில் யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது நிறத்தையும் அவர்களே கொடுத்தார்களாம்.

சாயம் அடிக்கும் சனிக்கிழமை வந்தது. ஊரே தூரிகையோடு வந்தது. டெனீலுக்கு நடைமேடைக் கம்பம் ஒன்று கிடைத்தது. கால் பகுதியிலிருந்து தொடங்கி, இரும்புப் பூவேலையின் இடுக்கெல்லாம் விடாமல், ஒரு சொட்டு வழியாமல் அடித்தாள். ஒவ்வொரு இழுப்பிலும் இது பொய், இது பொய் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. "அம்மாடி, உன் கம்பந்தான் இருக்கறதுலயே அம்சம்!" என்றாள் பெரில்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வராமல் இல்லை. நன்றாகவே தூங்கினாள். அதுதான் மறுநாள் காலை அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

*

சிட்னியிலிருந்து பாரம்பரியக் கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரி வரும் நாள். பெயர் ஹைஜின் யூன். இந்த அம்மாள் தலையசைத்தால்தான் கூரைக்கு நிதி, அடுத்த வருஷத்துக்கு ஜார்ஜியின் வேலை, எல்லாமே.

டெனீல் வந்தபோது சிற்றுண்டி அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், தலையில் பழைய காலத்து வெள்ளைப் பட்டை. கையில் டீத் தட்டு.

"என்னம்மா இது வேஷம்?"

"ஜார்ஜி கேட்டா. அந்தக் காலத்து மாதிரியே டீ குடுக்கணும்னு. அதிகாரியம்மாவுக்குப் பிடிக்குமாம்."

"நீ சரின்னுட்டே."

"கேட்டாங்க, சரின்னேன். நம்மள யாரு இதுக்கு முன்னாடி கேட்டிருக்காங்க?" லொரெய்ன் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தாள். அதைப் பார்க்கத்தான் டெனீலுக்குத் தாங்கவில்லை. டீ கொடுத்துக் கை வெந்தது அம்மாவுக்கு. அந்தக் கதை ஜார்ஜியின் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு. இப்போது ஆளே காட்சிப் பொருள்.

"டெனீல், கொஞ்சம் உள்ள வாம்மா," லாய்ட் நிலைய அதிகாரி அறையிலிருந்து கூப்பிட்டார். குரல் சரியில்லை.

உள்ளே ஜார்ஜி மேசைக்குப் பின்னால் இல்லை. கணப்படுப்பு ஓரமாக, அழுத முகத்தோடு நின்றிருந்தாள். மேசைமேல் பெண்கள் அறைக் கதவு நிலையில் இருந்த பித்தளைப் பலகை, நான்கு திருகாணிகள். மெருகேற்றக் கழற்றியிருக்கிறாள். அதோடு நிலையின் சாயம் ஒரு செதிலாக உரிந்து வந்துவிட்டது. செதிலின் பின்பக்கம் செங்காவி.

"அடியில பச்சையே இல்ல, டென்," என்றாள் ஜார்ஜி. "நாலு எடத்துல சொரண்டிட்டேன். கதவுல மட்டுந்தான் இருக்கு. அந்தக் கதவு..."

"வாண்டிலோவுலேந்து வந்தது," என்றாள் டெனீல்.

லாய்ட் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" ஜார்ஜியின் குரல் சின்னதாக இருந்தது. "எப்பத் தெரியும்?"

"பேப்பர்ல உன் படம் வந்த வாரம்."

"சாயம் வாங்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"பாத்துட்டுமா நீ கம்பத்துக்குப் பச்ச அடிச்ச? பாத்துட்டுமா எனக்கு அட்டையெல்லாம் எடுத்துக் குடுத்த?"

"ஆமா."

"ஏண்டி? நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. பொறாம."

"பொறாமையா? எம்மேலயா?" ஜார்ஜி உண்மையிலேயே திகைத்துப்போனாள். கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. "எங்கிட்ட அப்படி என்னடி இருக்கு?"

நடிக்கவில்லை. அதுதான் டெனீலை அடித்துப்போட்டது. இத்தனை வருஷமாக இவள் இரவும் பகலும் சுமந்துகொண்டு திரிந்த ஒன்று அவள் கனவில்கூட வந்ததில்லை. சாவிக்கொத்து இடுப்பில் தொங்க, நிலையத்துக்கு வெளியே முப்பாட்டன் பெயர் போட்ட தெரு ஓட, என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள்.

லாய்ட் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. ஆனது ஆச்சு. இப்ப ஆகவேண்டியதப் பாப்போம். அந்த அம்மா கதவத்தான் பாப்பாங்க, நெலைய யாரு பாக்கப்போறா. பலகைய மறுபடி மாட்டிடலாம். ஆனா வரலாறு யாரு பாத்தாங்கன்னு கேப்பாங்க. படிச்ச ஆள் ஒருத்தர் பச்சதான்னு சொல்லணும்." கையைக் கோத்துக்கொண்டார். "நான் நேத்தே நெனச்சேன். ஜார்ஜி ஒருத்தியால முடியாது இது. நீ துணை இயக்குநரா வந்துடு. இந்த ரூம்லயே ஒனக்கும் ஒரு மேசை. ஜன்னலோரமாவே போட்டுக்கலாம். வெளிய பலகையில ஜார்ஜி பேருக்குக் கீழ ஒம்பேரு."

டெனீல் ஜன்னலைப் பார்த்தாள். சைடிங்கில் கோதுமை வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. அங்கே ஒரு மேசை கச்சிதமாகப் பொருந்தும். இடது பக்கமாகப் போட்டால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. இதைக்கூட அவள் என்றோ யோசித்து வைத்திருந்தாள்.

"ப்ளீஸ் டென்," என்றாள் ஜார்ஜி. "நீ கேட்டதுதானே?"

கேட்டதுதான். ஜார்ஜியின் பெயருக்குக் கீழே. ஜார்ஜியின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. ஜார்ஜியின் பழைய சட்டை, ஜார்ஜி படித்து முடித்த புத்தகம், ஜார்ஜியின் பாதி தீர்ந்த வாசனை, இப்போது ஜார்ஜி பண்ணிய தப்பு. எல்லாம் அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். இன்றைக்கு உட்கார்ந்தால் நாற்பது வருஷம் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பச்சைக் கதை சொல்லிக்கொண்டிருக்கலாம். அம்மா ஏப்ரன் போட்டு டீ கொடுப்பாள்.

அவள் கேட்டது ஜார்ஜியிடம் இருந்ததை. ஜார்ஜிக்கு வேண்டாததை அல்ல.

"வேண்டாம்," என்றாள்.

"அவசரப்படாதம்மா. அந்த அம்மா வெளிய டீ குடிச்சு முடிக்கட்டும், நீயும் யோசி—"

"யோசிச்சாச்சு, லாய்ட்."

"கூர போயிடும்மா. மழ உள்ள எறங்குது. ஒரு சாயத்துக்காக ஒரு கட்டடத்தயே..."

"செங்காவிய அடிச்சிட்டுக் கூரைக்குக் கேளுங்க. தப்பு நடந்துச்சுன்னு சொல்லிட்டே கேளுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். நான் கேட்டப்ப நீங்க சொல்லலையா? நான் செத்தா போனேன்?"

லாய்ட் மேசைமேல் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஜார்ஜி வாசலை மறித்தாற்போல ஓரடி வந்தாள். "டென், நீ போய்ச் சொன்னா என் பேரு மட்டும் போகாது. நீயுந்தான் பச்ச அடிச்ச. தெரிஞ்சே அடிச்ச. பழைய கட்டட வேலைக்கு இனி எவனும் உன்னக் கூப்பிடமாட்டான்."

"தெரியும். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்."

"எம்மேல அவ்வளவு கோபமா?"

டெனீல் நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம். கட்டடத்துக்காக, உண்மைக்காக என்று எதையாவது. லாய்டுக்குக்கூட அது நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னமும் பொறாமைதான்டி," என்றாள். "அது போகல, போகும்னும் தோணல. ஆனா உன் பேருக்குக் கீழ கையெழுத்துப் போட்டா அது என்னத் தின்னே போட்டுடும்."

ஜார்ஜி விலகினாள். விலகியபோது இடுப்பில் சாவி குலுங்கியது. டெனீல் அதைக் கேட்டாள், அப்படியே கடந்துபோனாள்.

வெளியே வெயில். நடைமேடையின் கோடியில் திருமதி யூன் கையில் கோப்பையோடு தனியாக நின்று தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிற்றுண்டி அறை வாசலிலிருந்து லொரெய்ன் மகளின் முகத்தைப் பார்த்தாள், அவள் நடக்கிற திசையைப் பார்த்தாள். "டெனீல், வேண்டாம்டி, அவங்ககிட்ட போய் எதுவும்..." என்று ஆரம்பித்தாள்.

"கேக்கப் போகலம்மா," என்றாள் டெனீல். "சொல்லப் போறேன்."

நிற்காமல் நடந்தாள்.